பதினோரு காலையும் ஒரு கோடும்

என் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும், பதினான்கு வருடங்களாக நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: "பெரிய துணிக்கடையில சூப்பர்வைசர்." முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கடை பெரிய கடைதான், நான்கு மாடி. விற்பதும் துணிதான். ஆனால் அக்கா சூப்பர்வைசர் இல்லை. முதல் மாடியில், மேலே போகும் படிக்கட்டின் அடியில் ஒதுக்கிவிட்ட மூலையில் நின்று ஜட்டியும் பிராவும் விற்கிறவள். பத்தொன்பது வருடமாக விற்கிறாள்.

இன்று இப்படிப் பச்சையாக எழுதுகிறேனே, இதற்கு எனக்கு நாற்பத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. என் புகுந்த வீட்டில் இன்றைக்கும் "சூப்பர்வைசர் அக்கா" என்றுதான் பேச்சு. நான் இப்படிச் சொல்லித் திரிவது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட என்னை மாட்டிவிட்டதில்லை. அதை நினைக்கும்போதுதான் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவள் வேலை செய்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். கழுத்தில் டேப் தொங்கும், ஆனால் அதை எடுத்து அளப்பது அபூர்வம். வருகிறவளின் தோளைப் பார்ப்பாள், மூச்சு விடுவதைப் பார்ப்பாள், ஒரு பெட்டியை உருவி மேஜையில் வைப்பாள். அவ்வளவுதான், அளவு சரியாக இருக்கும். சில பெண்கள் தாங்களாகவே கூச்சத்தோடு திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டுவார்கள். உடனே அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "நேரா நில்லுங்கம்மா. எங்கிட்ட யாரும் திரும்பிக் காட்ட வேண்டாம். முன்னால பாத்து அளவு சொல்லத் தெரியலேன்னா எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பாள்.

ஆண்கள் வந்தால் இன்னும் வேடிக்கை. நேராக அவள் மேஜைக்கு வர மாட்டார்கள். பக்கத்தில் சாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் கால்மணி நேரம் நின்று, ஒரே சாக்ஸை ஏழு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மெல்ல நகர்ந்து வந்து, மனைவியின் அளவைக் காற்றில் கையால் காட்டுவார்கள். "சார், பூசணிக்காயா வாங்க வந்தீங்க? அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்று எல்லோர் காதிலும் விழுகிறபடி சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு ஒரு தீராத கோபமும் உண்டு. பெண்களின் உள்ளாடையில் ஒரு நிறத்துக்கு ஸ்கின் கலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிறிப்போன ரோஸ் மாதிரி ஒரு நிறம். எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒரு மனுஷியைக்கூட நான் பார்த்ததில்லை. கடைக்கு மொத்தமாகச் சரக்கு எடுக்கிறவரிடம் அக்கா வருடா வருடம் சண்டை போடுவாள்: "யாரோட ஸ்கின் சார் இது? வாங்க வர்றவங்க முகத்தைப் பாத்திருக்கீங்களா?" அவர் வருடா வருடம் அதே பதிலைச் சொல்வார்: "பிரவுன் போகாதும்மா." போகாத பிரவுன் கீழ்த்தட்டில், கடைசிப் பெட்டியில், தூசி படிந்து கிடக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு ஒன்பது மாடி ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறேன். முன்பு எங்களுக்குக் கருநீலத்தில் தொளதொள பேண்ட்டும் கோட்டும் இருந்தன. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அதற்குள் மனுஷி உட்காரலாம், குனியலாம், சாப்பிட்ட பிறகும் மூச்சு விடலாம். இந்த வருடம் மேனேஜருக்கு ஞானோதயம் வந்துவிட்டது. எங்கேயோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு மட்டும் புது யூனிஃபார்ம் என்று அறிவித்தார். உடம்போடு ஒட்டிய கிரீம் கலர் பேண்ட். இடுப்போடு நின்றுவிடுகிற சட்டை. அளவெடுக்க ஒரு தையல்காரர் வரவில்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவில் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. முப்பத்தாறு பெண்களின் உடம்பை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், கேட்டீர்களா அநியாயத்தை!

போட்ட முதல் வாரமே பெண்கள் உடை மாற்றும் அறையின் கதவில் ஒரு நோட்டீஸ். "பெண் ஊழியர்கள் கவனத்திற்கு. சீருடையின் மேல் உள்ளாடையின் கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் அன்று முன்மேசைப் பணி கிடையாது." கீழே மேனேஜரின் கையெழுத்து, முத்திரை வேறு. எங்கள் ஜட்டிக்கு அரசாங்க முத்திரை மாதிரி ஒன்று குத்தி வைத்திருந்தார் அந்த மனுஷர்.

நோட்டீஸோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து காலை ஏழரை மணிக்கு, உடை மாற்றிக்கொண்டு நாங்கள் வெளியே வரும் கதவருகே, ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை பார்க்கிற மேடம் ஒரு அட்டையும் பேனாவுமாக நின்றார். ஒவ்வொருத்தியாக வரவேண்டும். "திரும்பு" என்பார். திரும்ப வேண்டும். குனிந்து பார்ப்பார். "போ" அல்லது "கோடு தெரியுது". கோடு தெரிந்தால் அட்டையில் ஒரு டிக். முதல் நாளே அவருக்கு ஸ்கேனர் என்று பெயர் விழுந்துவிட்டது. நாங்கள் ஒன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. என் மகளுக்கே பதினைந்து வயது. எட்டு மணிக்கு வரும் விருந்தாளிக்குக் கைகூப்பிச் சிரிக்கப் போகிற முகத்தோடு, ஏழரைக்கு ஒருத்தி முன்னால் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கதவுக்கு எதிரேதான் ஆண்கள் கையெழுத்துப் போடும் இடம். வெள்ளைச் சட்டைக்குள் ஒவ்வொருவனின் பனியனும் பளிச்சென்று தெரியும். ஒருவனையாவது யாராவது "திரும்பு" என்றார்களா? என்ன பேச்சு பேசுகிறீர்கள்!

நான் முதல் நாள் மாட்டினேன். இரண்டாம் நாளும் மாட்டினேன். எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். இறுக்கிப் பிடித்தால் தெரியாது என்று ஒரு அளவு சின்னதாக வாங்கிப் போட்டேன். வெளிர்நிறப் பேண்ட்டுக்கு வெள்ளைதான் சரி என்று வெள்ளை வாங்கினேன். அவசரத்துக்குப் பக்கத்துத் தெருக் கடையில் வாங்கினேனே தவிர, அக்காவிடம் போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். ஐந்து டிக். ஐந்து நாளும் முன்மேசை கிடையாது, பின்னறையில் உட்கார்ந்து ஃபைல் அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாருங்கம்மா, நீங்க சீனியர். நீங்களே இப்படி... அந்த... அது வந்து... தெரியுதுன்னு தினமும் ரிப்போர்ட் வருது."

"எது சார் தெரியுது?"

"அதான்... அந்த உள்... லைன்."

முத்திரை குத்தி நோட்டீஸ் ஒட்டத் தெரிந்த வாய்க்கு அந்த வார்த்தையைச் சொல்ல வரவில்லை. மென்று முழுங்கினார். பிறகு சட்டென்று விஷயத்துக்கு வந்தார். அடுத்த வாரம் முழுக்கப் பார்ப்பாராம். அதற்குள் சரியாகவில்லை என்றால், அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் கீழே, அடித்தளத்தில் இருக்கும் துணி அறைக்குப் போய்விட வேண்டுமாம்.

துணி அறை என்றால் உங்களுக்குத் தெரியாது. ஜன்னல் கிடையாது. ஒன்பது மாடியின் படுக்கை விரிப்பும் துண்டும் வந்து குவியும். உதறி மடிக்க மடிக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். பக்கத்து அறையிலிருந்து சோப்பு நெடியோடு நீராவி. எனக்கு ஆஸ்துமா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் அங்கே போட்டார்கள். ஆறாம் நாள் என்னை மேலே தூக்கி வந்து ஆம்புலன்ஸில்தான் ஏற்றினார்கள். அது இந்த மேனேஜருக்கும் தெரியும், என் ஃபைலில் இருக்கிறது. ஒரு ஜட்டிக் கோட்டுக்காக என் மூச்சையே பறிக்கப் பார்த்தார்கள். இதில் மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை.

சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையே வேறு வழியில்லாமல் அக்காவின் கடைக்குப் போனேன். அந்த முதல் மாடி மூலைக்கு நான் கடைசியாகப் போய் எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எனக்கே நினைவில்லை. வீட்டுக்கு வருவாள், போவாள், பேசுவோம். ஆனால் அவள் மேஜை முன்னால் நான் நின்றதில்லை. யாராவது தெரிந்தவர் பார்த்துவிட்டால்?

அக்கா என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் நடந்ததையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொன்னேன். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஏண்டி, ஒருத்தி 'திரும்பு'ன்னா நீ திரும்புவியா?"

"திரும்பலேன்னா வேலை போயிடும்க்கா."

"முப்பத்தாறு பேரும் சேர்ந்து திரும்ப மாட்டோம்னு நின்னா எத்தனை பேரைத் துணி ரூமுக்கு அனுப்புவான்?" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, அந்தப் பேண்ட்டைக் கொண்டுவந்தியா?" என்றாள்.

யூனிஃபார்மை ஹோட்டலை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. அங்கேயே வெளுத்து அங்கேயே மாட்டிவைப்பார்கள். அதைச் சொன்னேன். அக்கா உச்சுக்கொட்டிவிட்டு, மேல்மாடிக்குப் போய் அதே மாதிரி ஒட்டிய கிரீம் பேண்ட் ஒன்றை எடுத்துவந்தாள். அப்புறம் ஆரம்பித்தது அர்ச்சனை.

"சின்ன அளவு போட்டா கோடு மறையும்னு எந்தப் புண்ணியவதி சொன்னா? இறுக்கினா சதை ரெண்டா பிரியும், கோடு எடுப்பாத் தெரியும். உனக்கு உன் அளவு, இல்லே ஒரு சுத்து பெருசு. எலாஸ்டிக் வைச்சுத் தைச்சது வேண்டாம். இதோ பாரு, ஓரம் வெட்டி அப்படியே விட்டிருக்கான், மடிப்பும் இல்லே தையலும் இல்லே. இது உடம்போட படிஞ்சு கிடக்கும். வெள்ளைக்குள்ள வெள்ளை போட்டா விளக்கு போட்ட மாதிரி தெரியும்டி! உன் தோலோட கலர் எதுவோ அதைப் போடு."

அப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்து, கீழ்த்தட்டின் கடைசிப் பெட்டியை இழுத்தாள். போகாத பிரவுன். நாலைந்து பழுப்பு நிறங்களை என் முழங்கையின் உள்பக்கம் வைத்து வைத்துப் பார்த்தாள். டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாற்றிவிடும் என்று, சரக்கு இறக்கும் பின்வாசலுக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். வெயிலில், என் கையில் அந்தத் துணியைச் சுற்றி, அதன்மேல் கிரீம் பேண்ட்டின் காலை இழுத்துப் பிடித்தாள். துணி எங்கே முடிகிறது, கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அப்படியே கரைந்துபோயிருந்தது. சரக்கு இறக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் கூச்சத்தில் குறுகிப்போனேன். அக்காவுக்கு அந்தக் கவலையே இல்லை.

"அம்மா நம்ம துணியைக் கொடியில துண்டுக்கு அடியில மறைச்சுக் காயப்போடுவா, ஞாபகம் இருக்கா?" என்றாள். "வெயிலே படாம ஈரவாடை அடிச்சுக்கிட்டு இருக்கும். அதையே போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போவோம். அரிப்பு வந்தாலும் யாருகிட்டயும் சொல்ல முடியாது. இதையெல்லாம் வெயிலுக்குக் கொண்டுவரணும்னுதான்டி நான் இந்த மூலையில நிக்கிறேன்."

திங்கட்கிழமை தெம்பாகப் போனேன். அளவு சரி, ஓரம் சரி, நிறம் சரி. கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. கதவருகே ஸ்கேனர் மேடம் "திரும்பு" என்றார். திரும்பினேன்.

"கோடு தெரியுது."

ஆறாவது டிக். அன்று மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். என் வாய்க்கு அன்று சனி பிடித்திருந்தது. "உன்னை நம்பிப் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். பத்தொன்பது வருஷமா உனக்கு விக்கத்தான் தெரியும், வேற என்ன தெரியும்? ஜட்டி விக்கிறவகிட்ட யோசனை கேட்டா இப்படித்தான்!" என்று கத்திவிட்டேன். மறுமுனையில் அக்கா நிதானமாக, "அந்தப் பேண்ட்டை எப்படியாவது கொண்டுவா" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீம்பாக அக்கா பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமை, பத்தாவது டிக் விழுந்த பிறகு, அறிவிப்புப் பலகையில் என் பெயர் ஏறிவிட்டது: திங்கள் முதல் துணி அறை. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ரிசப்ஷனில் என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் உள்ளே வந்தாள். அவளுக்கும் அட்டையில் எட்டு டிக். கதவைத் தாழ் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லு."

"இன்னைக்கு நான் ஒண்ணுமே போடலை."

"என்ன போடலை?"

"அதான்க்கா... உள்ள ஒண்ணுமே. சனியன் புடிச்ச கோடு எப்படித் தெரியும்னு பாத்துடலாம்னு. அப்பவும் அந்தம்மா கோடு தெரியுதுன்னு டிக் போட்டுச்சு! நான் எப்படிக்கா வாயைத் திறக்கிறது? போடவே இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

நான் அழுகையை நிறுத்தினேன். ஒருத்தி போடாத ஜட்டிக்குக் கோடு தெரிந்திருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் டிக் விழும். என்ன உலகம் இது!

அன்று மாலை என் இரண்டு செட் யூனிஃபார்மில் ஒரு பேண்ட்டைச் சுருட்டி, சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தார். காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். பதினான்கு வருட வேலையில் நான் செய்த ஒரே திருட்டு அதுதான். நேராக அக்காவின் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"அழுதது போதும், பேண்ட்டைக் கொடு" என்றாள் அக்கா.

பக்கத்து சீட்டுக்காரி சொன்னதை நான் சொல்லச் சொல்ல, அக்காவின் கை பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. விரலை உள்ளே விட்டுத் தடவினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு, சாக்ஸ் பக்கம் நின்ற ஒருவர் பயந்து நகர்ந்துவிட்டார்.

"அடிப்பாவிகளா! இங்க பாருடி. துணி மெல்லிசுன்னு பின்பக்கம் பாதிக்கு மட்டும் உள்துணி, அதான் லைனிங், கொடுத்திருக்கான். முழுசா கொடுக்க மனசு வரலை. அந்த உள்துணி ஓரத்தை மடிச்சுத் தடிமனாத் தைச்சிருக்கான், சாய்வா, ரெண்டு பக்கமும். அச்சு அசலா ஜட்டி ஓரம் மாதிரி! ஒல்லியா இருக்கிறவளுக்குப் பேண்ட் தொளதொளன்னு நிக்கும், தெரியாது. உன்னை மாதிரி நிறைஞ்ச உடம்புக்கு இழுத்துப் பிடிக்கும், தெரியும். கோடு உன்னோடது இல்லடி. அவனோடது!"

அவள் மேஜைக்குப் பின்னால் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் மட்டும் உள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மை உண்டு. ஜட்டி மாட்டிக் காட்டுகிற பொம்மை. அதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, வெறும் பொம்மைக்கு என் பேண்ட்டை மாட்டினாள். திருப்பினாள். இரண்டு பக்கமும் சாய்வாகக் கோடு, அழகாக, எடுப்பாக. பத்து நாளாக என்னைக் கொன்ற கோடு.

"திங்கட்கிழமை நான் லீவு" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை அக்கா அந்தப் பொம்மையைப் பேண்ட்டோடு ஒரு போர்வையில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போர்வைக்குள் என்னவென்று தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். ஊழியர் வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். "யூனிஃபார்ம்ல ஒரு கோளாறு, மேனேஜர்கிட்டக் காட்டணும்" என்று உண்மையைத்தான் சொன்னாள். விட்டுவிட்டார்.

ஏழரை மணி. துணி அறைக்குப் போகவேண்டிய நானும் சேர்த்து நாங்கள் வரிசையில் நின்றோம். பதினோராவது காலை. எதிரே ஆண்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனர் மேடம் அட்டையோடு நின்றார். அக்கா வந்தாள், எனக்கு முன்னால் பொம்மையைத் தரையில் நிறுத்தினாள், போர்வையை எடுத்தாள். வரிசையே சலசலத்தது.

"இது என்ன? நீங்க யாரு?" என்றார் மேடம்.

"என்னை விடுங்க. இவ புதுசா வந்தவ. இவளுக்குக் கோடு தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று அக்கா பொம்மையைத் திருப்பி வைத்தாள்.

பழக்கதோஷம். மேடம் குனிந்து பார்த்தேவிட்டார். "தெரியுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு பக்கமும் தெரியுது."

சத்தம் கேட்டு மேனேஜர் தன் அறையிலிருந்து வேகமாக வந்தார். அவர் வந்து நிற்கவும் அக்கா ஒரே இழுப்பாகப் பொம்மையின் பேண்ட்டைக் கீழே இறக்கவும் சரியாக இருந்தது. மேனேஜர் 'ஐயையோ' என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிளாஸ்டிக் பொம்மையைப் பார்க்க வெட்கப்பட்ட அந்த மனுஷர்தான் முப்பத்தாறு உயிருள்ள பெண்களைத் தினமும் திருப்பி நிறுத்தியவர்.

"இப்படித் திரும்பிப் பாருங்க சார்" என்றாள் அக்கா. "இவ உள்ள ஒண்ணும் போடலை. பிளாஸ்டிக். அப்ப கோடு எங்கேருந்து வந்துச்சு?" பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பி, தடிமனான அந்த ஓரத்தை அவர் மூக்கு நேரே நீட்டினாள். "நீங்க வாங்கின பேண்ட்லேருந்து வந்துச்சு. பாதி உள்துணி. இதை ஒரு தடவை திருப்பிப் பாத்தீங்களா? பாக்க மாட்டீங்க. அந்த வார்த்தையையே சொல்ல வராதவரு எப்படிப் பாப்பீங்க? ஜட்டி சார், ஜட்டி. சொன்னா நாக்கு அழுகிடாது. அப்புறம், உங்க பனியன் கோடு சட்டைக்குள்ள ஜோராத் தெரியுது. யாரு டிக் போட்டாங்க உங்களுக்கு?"

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "யாரும்மா இவங்க? எந்தக் கம்பெனி? யார் உள்ள விட்டது?" என்று சீறினார்.

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. "துணிக்கடையில் சூப்பர்வைசர்" என்பது பதினான்கு வருடப் பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பேண்ட்டை மடித்துக்கொண்டிருந்தாள், நான் எதைச் சொன்னாலும் சரி என்கிற மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என் அக்கா சார்" என்றேன். "கூடப் பிறந்த அக்கா. ஜட்டி, பிரா விக்கிறவங்க. பத்தொன்பது வருஷமா. இந்த ஹோட்டல்ல இருக்கிற அத்தனை பேரையும்விட அவங்க வேலை அவங்களுக்குத் தெரியும்."

அப்போது என் பக்கத்து சீட்டுக்காரி வரிசையை விட்டு வெளியே வந்தாள். "சார், இனிமே நான் திரும்ப மாட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. கதவருகே வரிசை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

பதினொரு மணிக்குப் பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கதவு நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினார்கள்: "தயாரிப்புக் குறைபாட்டின் காரணமாகச் சீருடை திரும்பப் பெறப்படுகிறது. மறு அறிவிப்பு வரும் வரை பழைய சீருடை அணியவும்." அவ்வளவுதான். பத்து காலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பு என்று ஒரு எழுத்து இல்லை. முத்திரை மட்டும் அதே முத்திரை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் நான் மேலே, வெளிச்சத்தில், மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று அக்காவை வழியனுப்ப ஊழியர் வாசலுக்குப் போனேன். பொம்மையைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஸ்கேனர் மேடம் தயங்கித் தயங்கி வந்தார். கையில் அட்டை இல்லை. அறைகளில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை அவருக்கும் உண்டு. என்னைப் பார்க்காமல், அக்காவிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்கு எது போட்டாலும் இடுப்புல வெட்டுது. புண்ணாவே ஆயிடுச்சு. இத்தனை வருஷமா யாருகிட்டயும் கேட்டதில்லை. எனக்கு என்ன அளவுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

இந்த அம்மாளுக்கா என்று எனக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மேடம், அக்கா கேட்காமலேயே, மெதுவாகத் திரும்பி நின்றுவிட்டார்.

"நேரா நில்லுங்கம்மா" என்றாள் அக்கா. "எங்கிட்ட யாரும் திரும்பிக் காட்ட வேண்டாம்."